பூட்டைக் கழற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது

வீட்டுக் கதவின் பூட்டு ஒரு நாள் சிக்கிக்கொண்டால், கதவையே கழற்றி வைத்துவிட்டு உறங்கச் செல்லும் குடும்பத்தை நாம் கண்டதில்லை. கணிப்பொறியில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மறையாக்கம் செய்யப்பட்ட மின்னஞ்சல் திறக்கவில்லை என்றதும், "பூட்டெல்லாம் வேண்டாம், சும்மாவே அனுப்பிவிடு" என்று மகனிடமோ மருமகளிடமோ தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். விற்பனைப் பத்திரமும் ஆதார் நகலும் வருமான வரிக் கணக்கும் அன்று முதல் திறந்த அஞ்சலில் பயணம் செய்யத் தொடங்குகின்றன. பழுது பெரும்பாலும் மென்பொருளில் இல்லை, சாவியை நாம் வைத்திருக்கும் முறையில்தான் இருக்கிறது என்பதும், அந்த முறையைச் சீர்செய்ய வல்லுநர் தேவையில்லை என்பதும் என் கருத்து.

நான் வசிக்கும் ஜீவனஹள்ளி, பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து இருக்கிறது. 1809ஆம் ஆண்டில் கன்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டே நகரின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிலைபெற்றுவிட்டன. பின்னர் 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் வந்தபோது இன்னும் பலர் வந்து சேர்ந்தனர். அந்த நிறுவனங்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இன்று ஓய்வூதியத்தையும் வைப்புத்தொகையையும் கவனித்துக்கொண்டு வாழ்கின்றனர். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கின்றனர். மகனின் பொறியியல் படிப்புக்காக வாங்கிய மேசைக் கணிப்பொறி கூடத்தின் மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாடு செல்லுமுன் மகனோ மகளோ அதில் மறையாக்க மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். நிறுவியவர் கடல் கடந்து இருக்க, பயன்படுத்துபவர் இங்கே தனியே இருக்கிறார். சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

இந்த மென்பொருள் செய்யும் வேலையைக் கோயில் உண்டியலைக் கொண்டு விளக்கலாம். உண்டியலின் வாய் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் காணிக்கையை உள்ளே இடலாம். இட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. சாவி வைத்திருப்பவர் மட்டுமே திறக்கலாம். பொதுச் சாவி என்பது உண்டியலின் வாய். அதை ஊரறியக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். தனிச் சாவி என்பது அறங்காவலர் கையில் உள்ள சாவி. அது உங்கள் கணிப்பொறியை விட்டு வெளியே போகக் கூடாது. மகளுக்கு நீங்கள் பூட்டி அனுப்ப வேண்டுமானால் மகளுடைய பொதுச் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். அவர் உங்களுக்குப் பூட்டி அனுப்ப உங்களுடைய பொதுச் சாவி அவரிடம் இருக்க வேண்டும். இந்த நான்கு வரிகளை விளங்கிக்கொண்டவருக்குப் பின்னால் வரும் பழுதுகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

சாதாரண மின்னஞ்சலுக்குப் பூட்டே கிடையாதா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. இன்று பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகள் தங்களுக்கிடையே கடிதங்களை மூடிய வண்டியில்தான் கொண்டுசெல்கின்றன. ஆனால் வண்டி நிற்கும் ஒவ்வோர் அஞ்சலகத்திலும் கடிதம் திறந்த நிலையில்தான் இருக்கிறது. உங்கள் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல் ஒருவர் கையில் சிக்கினால், பத்து ஆண்டுகளாக நீங்கள் அனுப்பிய பத்திர நகல்கள் அனைத்தும் அவர் கையில் சிக்கும். உறையையே பூட்டி அனுப்புவதன் பயன் அங்கேதான் தெரியும்.

வீட்டுக் கணிப்பொறிக்கான இந்தப் பூட்டை 1991இல் அமெரிக்கரான ஃபில் ஸிம்மர்மன் வெளியிட்டார். பிஜிபி என்று அதற்குப் பெயர். அதற்காக அந்நாட்டு அரசு அவர்மீது தொடங்கிய விசாரணை 1996இல்தான் கைவிடப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் அதே முறையில் எழுதிய ஜிபிஜி என்னும் இலவச மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 1999இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை நடத்தினர். மின்னஞ்சல் பயன்படுத்தத் தெரிந்த 12 பேரிடம் பிஜிபியைக் கொடுத்து, 90 நிமிடத்தில் ஒரு கடிதத்தைப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். சரியாகச் செய்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மூன்று பேர் இரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். "எனக்கு வயதாகிவிட்டது, இதெல்லாம் புரியாது" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இந்தச் செய்தியை நான் தவறாமல் சொல்வதுண்டு. மென்பொருளை எழுதியவர்கள் கணிதத்தில் காட்டிய அக்கறையை அறிவிப்பு வாசகங்களில் காட்டவில்லை. திரையில் தோன்றும் பிழைச் செய்தியைக் கண்டு மிரள்வது பயனரின் குறை ஆகாது.

இனிப் பழுதுகள். எங்கள் பகுதியில் நான் பார்த்தவற்றுள் மிகுதியானது, புதுப்பிப்புக்குப் பின் சாவி காணாமற்போவது. தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளில் நெடுங்காலம் எனிக்மெயில் என்ற துணைநிரல்தான் பூட்டும் வேலையைச் செய்துவந்தது. அது கணிப்பொறியில் தனியே நிறுவப்பட்ட ஜிபிஜியின் சாவிக்கொத்திலிருந்து சாவிகளை எடுத்துக்கொள்ளும். 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் தண்டர்பேர்டு மறையாக்கத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எனிக்மெயிலுக்கு அதில் இடமில்லை. முக்கியமான மாறுதல் அதுவன்று. புதிய தண்டர்பேர்டு தனக்கென ஒரு சாவிக்கொத்தை வைத்துக்கொள்கிறது. பழைய கொத்தைத் தானாகத் தேடிப் பார்ப்பதில்லை. எனவே மாற்றத்தின்போது சாவிகளைக் கொண்டுவராமல் விட்டவர்களுக்கும், பின்னாளில் கணிப்பொறியை மாற்றியவர்களுக்கும், "இந்தக் கடிதத்தைத் திறக்கும் இரகசியச் சாவி இல்லை" என்ற பொருளில் ஒரு செய்தி தோன்றும். சாவி தொலைந்துவிட்டது என்று பலர் இதைக் கண்டு முடிவு கட்டிவிடுகின்றனர். வேட்டியை மாற்றும்போது பழைய வேட்டியின் மடிப்பிலேயே பீரோ சாவி தங்கிவிட்டது போன்ற நிலைதான் இது. பழைய கொத்திலிருந்து தனிச் சாவியைக் கோப்பாக வெளியே எடுத்து, தண்டர்பேர்டின் சாவி மேலாளர் பகுதியில் உள்ளே சேர்த்தால் கடிதங்கள் திறந்துவிடும்.

சாவியை உள்ளே சேர்த்தபின் இன்னொன்று நிகழ்கிறது. ஒருமுறை கடவுத்தொடரைக் கேட்டுவிட்டு, அதன்பின் தண்டர்பேர்டு இயல்பான அமைப்பில் அதைக் கேட்பதே இல்லை. தொல்லை விட்டது என்று மகிழ்வார்கள். அந்தக் கணிப்பொறியின் முன் யார் உட்கார்ந்தாலும் கடிதங்கள் திறக்கும் என்பதே அதன் பொருள். அமைப்புகளில் முதன்மைக் கடவுச்சொல் என்று ஒன்று உண்டு. அதை வைத்துவிட்டால் தண்டர்பேர்டைத் திறந்து பயன்படுத்தும்போது ஒரு முறை அது கேட்கும். சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் போகும் உதவியாளர்கள் பலர். இரும்புப் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டுத் திறந்தபடியே விட்டுப் போவதற்கு இது ஒப்பாகும்.

புதுப்பித்ததால்தானே தொல்லை, இனிப் புதுப்பிக்கவே மாட்டேன் என்று சிலர் உறுதி பூண்டிருக்கிறார்கள். அது தவறு. 2018 மே மாதத்தில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு குறையை வெளியிட்டனர். பூட்டிய கடிதத்தை வழியில் கைப்பற்றிய ஒருவர், அதனுள் படங்களை வரவழைக்கும் கட்டளைகளைப் புகுத்தி மீண்டும் நமக்கே அனுப்பினால், நம் மென்பொருளே அதைத் திறந்து உள்ளடக்கத்தை அவருக்கு அனுப்பிவிடக்கூடும் என்பது அதன் சாரம். புதுப்பிப்புகளே அந்த ஓட்டையை அடைத்தன. பழைய பதிப்பில் நின்றுவிட்டவருடைய பூட்டு பார்வைக்கு மட்டுமே பூட்டு.

அடுத்தது கடிகாரம். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மேசைக் கணிப்பொறியின் உள்ளே, மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும் நாணய வடிவ மின்கலம் ஒன்று இருக்கிறது. 2032 என்று அதன்மேல் எண் பொறித்திருக்கும். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் போய்விட்டுத் திரும்பிக் கணிப்பொறியை இயக்கினால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அப்போது மறையாக்க மென்பொருள் குழம்புகிறது. சாவி உருவான நாள் "எதிர்காலத்தில்" இருக்கிறது என்று சொல்கிறது. மகளின் கையொப்பம் செல்லாது என்கிறது. அஞ்சல் சேவையின் சான்றிதழும் வங்கி இணையதளத்தின் சான்றிதழும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று எச்சரிக்கிறது. ஒரே நாளில் எல்லாப் பூட்டும் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். திரையின் கீழ் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். அதைச் சரிசெய்து, மின்கலத்தை மாற்றிவிட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். வைரஸ் என்று சொல்லி முழுக் கணிப்பொறியையும் அழித்து நிறுவிக் கொடுக்கும் கடைக்காரரிடம் இதே நிலையில் போனால், வட்டிலிருந்த தனிச் சாவியும் சேர்ந்து அழிந்துபோகும். சிறிய மின்கலம் ஒன்றுக்காகப் பத்தாண்டுக் கடிதங்களை இழப்பது இப்படித்தான்.

விசைப்பலகை இன்னொரு மறைந்த காரணம். பெங்களூர்த் தமிழர் வீட்டுக் கணிப்பொறியில் ஆங்கிலம், தமிழ், கன்னடம் என மூன்று விசைப்பலகை அமைப்புகள் இருப்பது வியப்பன்று. பேத்திக்குக் கன்னடப் பாடம் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே எழுந்து போயிருப்பார்கள். அடுத்து வருபவர் கடவுத்தொடரை அடிக்கிறார். பெட்டியில் தெரிவதோ வெறும் புள்ளிகள். விழுவது கன்னட எழுத்தா, தமிழ்99 எழுத்தா, ஆங்கிலமா என்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஒரு வெற்றுக் கோப்பில் அந்தத் தொடரை அடித்துப் பார்த்து, என்ன விழுகிறது என்று கண்டபின் அழித்துவிட்டு மீண்டும் முயல்வதே போதும்.

சாவிகளுக்குக் காலாவதி நாள் உண்டு. அந்த நாள் கடந்ததும் மறுமுனையில் இருப்பவரின் மென்பொருள் உங்களுக்குப் பூட்டி அனுப்ப மறுக்கும். காலாவதியான சாவி செத்த சாவி என்று எண்ணிப் புதிய சாவி செய்துகொள்பவர்கள் உண்டு. தேவையில்லை. தனிச் சாவி கையில் இருக்கும்வரை அதே சாவிக்கு ஆயுளை நீட்டிக்கலாம். நீட்டித்த பொதுச் சாவியை மீண்டும் உறவினருக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டாம் வேலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். காலாவதியான சாவியைக் கொண்டு பழைய கடிதங்களைத் திறப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. புதிய சாவி செய்துகொண்ட மகிழ்ச்சியில் பழையதை நீக்கிவிட்டவர்களுக்கே பழைய கடிதங்கள் என்றென்றைக்கும் மூடிக்கொள்ளும்.

சாவியைக் கேட்டால் எதை அனுப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். பொதுச் சாவியும் தனிச் சாவியும் ஒரே வகைக் கோப்புகளாக, ஒரே தோற்றத்தில் இருக்கும். கோப்பைத் திறந்து முதல் வரியை மட்டும் படியுங்கள். அதில் பிரைவேட் என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் அது வெளியே போகக் கூடாத சாவி. மகனே கேட்டாலும் அனுப்பத் தேவையில்லை. வந்த சாவி மகனுடையதுதானா என்று உறுதிசெய்ய 40 எழுத்துகள் கொண்ட கைரேகை என ஒன்று ஒவ்வொரு சாவிக்கும் உண்டு. நான்கு நான்காகப் பத்துக் கொத்துகள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, அவர் படிக்க நீங்கள் சரிபார்த்துவிடலாம். குரல் தெரிந்த ஒருவரோடு இதை ஒரே ஒருமுறை செய்தால் போதும்.

இந்த இதழை வாசிக்கும் பலர், எங்களிடம் பிஜிபியும் இல்லை, தண்டர்பேர்டும் இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆயினும் மாதந்தோறும் பூட்டிய மின்னஞ்சல் ஒன்று உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. வங்கியின் கணக்கு அறிக்கைதான் அது. பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் பிறந்த நாளையும் சேர்த்து அடித்தால் திறக்கும் என்று கீழே எழுதியிருக்கும். தமிழர்களுக்கு இந்த ஒரு வரி படுத்தும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. நம் பெயரின் முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, வங்கிப் பதிவேட்டில் எந்த வடிவில் ஏறியிருக்கிறது? தலைப்பெழுத்தோடு புள்ளியும் இடைவெளியும் சேர்த்து நான்கா, அவற்றை விட்டு நான்கா? நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் தந்தையின் பெயரை விரித்து முதலில் எழுதியிருந்தால், திறவுச்சொல் உங்கள் பெயரில் தொடங்காமல் உங்கள் தந்தையின் பெயரில் தொடங்கும். பிறந்த நாளும் அப்படியே. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஏதோ ஒரு ஜூன் மாத நாளை எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. கோப்புக்குத் தெரிந்தது பதிவேட்டில் உள்ள நாள் மட்டுமே, அம்மா சொன்ன நட்சத்திரம் அதற்குத் தெரியாது. அறிக்கை திறக்கவில்லை என்றால் கணிப்பொறியைக் குற்றம் சொல்லுமுன், வாடிக்கையாளர் விவரப் பதிவில் பெயரும் நாளும் எப்படி இருக்கின்றன என்று கிளையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே வங்கிகளை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயரும் பிறந்த நாளும் இரகசியங்கள் அல்ல. ஒருவருடைய பெயரை அறிந்தவருக்கு, நாளும் மாதமும் மட்டும் கொண்ட திறவுச்சொல்லில் மிஞ்சுவது 366 வாய்ப்புகள். கணிப்பொறிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. பிறந்த ஆண்டைச் சேர்த்தாலும் நூறு ஆண்டுகளுக்கு முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்தான். வாடிக்கையாளர் தாமே ஒரு திறவுச்சொல்லை இணைய வங்கிச் சேவையில் அமைத்துக்கொள்ளும் வசதியை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, மின்னஞ்சலில் வரும் அறிக்கையின் பூட்டு வழிப்போக்கரைத் தடுக்குமே தவிர முனைந்து வருபவரைத் தடுக்காது என்பதை மனத்தில் வைத்து, மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லையாவது வலுவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விசாவுக்காகவோ கடனுக்காகவோ, பூட்டில்லாத அறிக்கை தேவைப்படும் நேரம் வரும். அப்போது பூட்டைக் கழற்றித் தருவதாகச் சொல்லும் இணையதளங்களில் அறிக்கையை ஏற்றிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் கணக்கு அறிக்கையையும் அதன் சாவியையும் சேர்த்துக் கொடுக்கும் செயல் இது. வேறு வழி உங்கள் கணிப்பொறியிலேயே இருக்கிறது. திறவுச்சொல் கொடுத்து அறிக்கையைத் திறந்து, அச்சிடும் கட்டளையில் அச்சுப்பொறிக்குப் பதிலாக பிடிஎஃப் கோப்பு என்பதைத் தேர்ந்தால், பூட்டில்லாத நகல் வீட்டிலேயே கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் அச்சம் தருவது, உதவி தேடும் வழி. பிழைச் செய்தி வந்ததும் மென்பொருளின் பெயரோடு "வாடிக்கையாளர் சேவை எண்" என்று சேர்த்து இணையத்தில் தேடுகிறார்கள். ஜிபிஜியும் தண்டர்பேர்டும் இலவச மென்பொருள்கள். அவற்றுக்குத் தொலைபேசிச் சேவை மையம் கிடையாது. ஆகவே அவற்றின் பெயரில் கிடைக்கும் எந்தத் தொலைபேசி எண்ணும் மோசடிக்காரருடையது என்றே கொள்ளலாம். மறுமுனையில் இனிமையாகப் பேசுபவர், உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வார். அதன்பின் அவர் பார்ப்பது மின்னஞ்சலாக இராது. இத்தகைய செயலிகள் வழியாக நடக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறியது. ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாமே சொல்லிவிட்டவர், அல்லது திரையைத் தாமே திறந்து காட்டியவர், அந்தப் பாதுகாப்பை முழுமையாக எதிர்பார்க்க இயலாது. மின்னஞ்சல் ஒன்று திறக்கவில்லை என்ற சிறு சிக்கலின் முடிவில் வைப்புத்தொகையே கரைவது இந்த வழியில்தான்.

இப்படிப் பூட்டிப் பூட்டி அனுப்புவது சட்டத்துக்கு உகந்ததா என்ற ஐயம் முதியோர் சிலரிடம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மறையாக்கக் கொள்கை வரைவு, பூட்டிய செய்திகளின் பூட்டாத நகலை 90 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று குடிமக்களிடமே கேட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அதிகாரம் பெற்ற அமைப்பு முறைப்படி உத்தரவிட்டால் திறந்து காட்டும் கடமை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் இருக்கிறது. மகளுக்கு வீட்டுப் பத்திரத்தின் நகலை அனுப்பும் தந்தை கலங்குவதற்கு இதில் ஒன்றுமில்லை.

சாவியைப் பாதுகாப்பது பற்றி இனிச் சொல்லலாம். வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு உங்கள் சாவியும் வங்கியின் சாவியும் சேர வேண்டும். உங்கள் சாவி தொலைந்தால், கட்டணம் செலுத்தி, வங்கி அலுவலர் முன்னிலையில் பெட்டகத்தை உடைத்துத் திறக்கலாம். தொல்லைதான், ஆனால் உள்ளே இருக்கும் நகை போகாது. மறையாக்கத்தில் அப்படி உடைத்துத் தருபவர் உலகில் எவரும் இல்லை. அதை எழுதியவராலும் முடியாது. தனிச் சாவி அழிந்தால் கடிதங்கள் அழிந்தன என்றே பொருள். எனவே தனிச் சாவியின் நகலைப் பென் டிரைவ் ஒன்றில் எடுத்து வைக்க வேண்டும். சாவி களவு போனால் அதைச் செல்லாதது ஆக்கும் ரத்துச் சான்றிதழையும் உருவாக்கி, தாளில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டையும் வைக்கப் பெட்டகத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. நகை, பத்திரங்களோடு ஓர் உறை கூடுதலாக இருப்பதற்கு வாடகை ஏறப்போவதில்லை.

கடவுத்தொடரை எழுதி வைக்கலாமா? இதில் என் கருத்து பலருடைய கருத்தினின்று மாறுபடும். இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் அட்டையின் இரகசிய எண்ணையும் எங்கும் எழுதக் கூடாது. அவை மறந்துபோனால் வங்கி புதிதாகத் தரும். மறையாக்கச் சாவியின் கடவுத்தொடர் மறந்துபோனால் தருவதற்கு யாருமில்லை. ஆகவே அதை எழுதி, மூடிய உறையில், சாவியின் நகல் இருக்கும் இடத்தினின்று வேறோர் இடத்தில் வைக்கத்தான் வேண்டும். வீட்டுப் பெரியவர் மறைந்தபின் அவருடைய வைப்புகளையும் காப்பீடுகளையும் பற்றிய கடிதங்கள் பூட்டிய நிலையில் கிடக்க, மனைவியும் பிள்ளைகளும் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் தவிக்கக்கூடும். கேட்பாரற்ற வைப்புகளைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்ற இணையதளத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம். மின்சாவிக்கு நியமனதாரர் என்ற ஏற்பாடே இல்லை. அந்த மூடிய உறைதான் அதன் நியமனப் படிவம்.

எல்லாரும் இதை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறையாக்கம் இருவர் சேர்ந்து செய்யும் காரியம். மறுமுனையில் இருப்பவர் தயாராக இல்லையென்றால் உங்கள் வீட்டில் எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தும் பயனில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை ஆவணம் அனுப்புபவருக்கு எளிய வழி ஒன்று போதும். தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கும் லிபர் ஆபிஸ் போன்ற இலவச மென்பொருளில் ஆவணத்தைத் திறவுச்சொல் வைத்துச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பலாம். திறவுச்சொல்லை மட்டும் தொலைபேசியில் சொல்லலாம். பிறந்த நாள் வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். திறவுச்சொல்லை அதே மின்னஞ்சலின் கீழே எழுதி அனுப்புபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வாசற்படியில் சாவியை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டும் வழக்கம்.

ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கிறார்கள். எண்பது வயது கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் நாளிலிருந்தே அந்த வசதி உண்டு. மின்சாவியையும் அதே மாதத்தில் பார்த்துவிடும் வழக்கத்தை எங்கள் தெருவில் சிலரிடம் தொடங்கிவைத்திருக்கிறேன். சாவியின் காலாவதி நாளை டிசம்பர் இறுதிக்கு அமைத்துவிடுகிறோம். நவம்பரில் அதை ஓராண்டு நீட்டித்து, பொதுச் சாவியைப் பிள்ளைகளுக்கு அனுப்பி, ஒரு சோதனைக் கடிதத்தைப் பூட்டி எழுதச் சொல்கிறோம். கணிப்பொறியின் தேதியைப் பார்க்கிறோம். பென் டிரைவைப் பெட்டகத்திலிருந்து எடுத்து வந்து, கோப்பு இன்னும் திறக்கிறதா என்று சோதித்து, மீண்டும் வைத்துவிடுகிறோம். வங்கிக்குப் போகும் வேலை எப்படியும் இருக்கிறது. வீட்டில் ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவு.